சமையலறைக்குள் ஒரு கிணறு: லீவை காஃபின் வீட்டில் மனிதர்கள் எப்படி ஒளிந்தார்கள்?

கேள்வி இது: "அமெரிக்காவில் அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடியவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த வீடுகளில் இண்டியானா மாநிலத்து லீவை காஃபின் வீடு புகழ்பெற்றது என்கிறார்கள். அங்கே இரண்டாயிரம் பேர் தங்கிப் போனார்களாம். ஒரு வீட்டில் அத்தனை பேரை எப்படி ஒளிக்க முடியும்? வீட்டுக்கு அடியில் சுரங்கம் இருந்ததா? 'நிலத்தடி ரயில்' என்ற பெயர் அதனால் வந்ததா?"

கடைசிக் கேள்விகளுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சுரங்கமும் கிடையாது, தண்டவாளமும் கிடையாது. தெற்கு மாநிலங்களிலிருந்து தப்பி வடக்கே போனவர்களுக்கு வழியில் சாப்பாடும் துணியும் ஒரு ராத்திரி படுக்க இடமும் கொடுத்து, அடுத்த ஊர்வரை வண்டியில் கொண்டுபோய் விட்டவர்கள் பலர். அவர்களுக்குத் தலைமை அலுவலகமும் இல்லை, உறுப்பினர் பட்டியலும் இல்லை. பக்கத்து ஊரில் யாரை நம்பலாம் என்பது மட்டும் ஒவ்வொருவருக்கும் தெரியும். அமெரிக்காவில் ரயில் புதுமையாக இருந்த காலத்தில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதையொட்டித் தங்குமிடம் 'நிலையம்' ஆனது, வழிகாட்டி 'நடத்துநர்' ஆனார், தப்பி வந்தவர் 'பயணி' ஆனார்.

இனி அந்த இரண்டாயிரம். இது காஃபினே முதுமையில், 1876இல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில் சொன்ன கணக்கு. ஆண்டுக்குச் சராசரியாக நூறு பேருக்கு மேல், இருபது ஆண்டுகள் என்று அவர் மனக்கணக்காகப் போட்டது. இதைப் பலரும் அப்படியே அந்தச் செங்கல் வீட்டின் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். வீடு இருக்கும் நியூபோர்ட் என்ற சிற்றூருக்கு அவர் வந்தது 1826இல், வீடு கட்டப்பட்டது 1839இல், ஊரைவிட்டுப் போனது 1847இல். ஆக இன்று நாம் பார்க்கும் வீடு அந்த வேலைக்குப் பயன்பட்டது எட்டே ஆண்டுகள். அதற்கு முன் வந்தவர்கள் எல்லாரும் அவர் அதே ஊரில் குடியிருந்த பழைய வீட்டுக்கு வந்தவர்கள்.

இருந்தாலும் அந்தச் செங்கல் வீட்டைப் பார்க்காமல் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் அது இந்த வேலைக்கு என்றே யோசித்துக் கட்டப்பட்டது போலத் தெரிகிறது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண வியாபாரி வீடு: எட்டு அறைகள், சிவப்புச் செங்கல், ஊரின் பிரதான சாலையை ஒட்டிய வாசல். காட்டுக்குள்ளும் இல்லை, ஒதுக்குப்புறத்திலும் இல்லை. உள்ளே போனால் பெரும்பாலான அறைகளுக்கு இரண்டு வழிகள். ஒருவர் முன்கதவைத் தட்டும்போது இன்னொருவர் வேறு பக்கமாக நழுவலாம். மாடியில் ஒரு படுக்கையறையில், கூரை சரிந்து இறங்கும் மூலைக்குள் போகும் குட்டிக் கதவு ஒன்று உண்டு. கட்டிலை அதன் முன்னால் தள்ளிவிட்டால் கதவு மறைந்துவிடும். பதினான்கு பேர் வரை அந்த இடுக்கில் உட்காரலாம் என்கிறார்கள். சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுப்பது அந்தக் கதவைத்தான்.

என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது வீட்டின் தரைக்குக் கீழே உள்ள தளத்தை. அங்கே ஒரு சமையலறை, அதற்குள்ளேயே ஊற்றுநீர்க் கிணறு ஒன்று. தண்ணீருக்கும் ஒளிவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கிணற்றடியில் குடம் எண்ணிப் பழகிய ஊர்களில் இதை விளக்க வேண்டியதே இல்லை. ஒரு குடும்பம் ஒரு நாளைக்கு எத்தனை வாளி இறைக்கும் என்பது அக்கம்பக்கத்துக்கு அத்துப்படி. வழக்கமாகப் பத்து வாளி இறைக்கும் வீட்டில் திடீரென்று இருபத்தைந்து வாளி போனால் தெருவே கேட்கும்: வீட்டில் விருந்தாளியா? பதினைந்து பேருக்குக் குடிக்கவும் குளிக்கவும் சமைக்கவும் துணி துவைக்கவும் தண்ணீர் வேண்டும். கிணறு வீட்டுக்குள் இருந்ததால் அந்தக் கணக்கு வெளியே தெரியவில்லை. மாடிக் கதவு சில மணி நேரம் ஆளை மறைக்கும். விருந்தாளிகள் வந்து தங்கிய சுவட்டையே மறைத்தது இந்தக் கிணறு.

காஃபினின் கதை வட கரோலினாவில் தொடங்குகிறது. 1798இல் நியூ கார்டன் என்ற குவேக்கர் குடியிருப்பில் பிறந்தார். அந்தக் காலத்தில் சடங்குகளும் சம்பளப் போதகர்களும் இல்லாமல் மௌனமாகக் கூடி வழிபட்ட கிறித்தவப் பிரிவினர் குவேக்கர்கள். அடிமை வைத்திருப்பதைத் தங்கள் உறுப்பினர்களுக்கு முன்பே தடை செய்திருந்தவர்கள். ஏழு வயதில், அப்பா விறகு வெட்டிக்கொண்டிருந்த இடத்தின் வழியாக, கைகள் சங்கிலியில் பிணைக்கப்பட்ட கறுப்பின ஆண்கள் வரிசையாக நடத்திச் செல்லப்படுவதைப் பார்த்தார். அப்பா அவர்களிடம் பரிவாகக் கேட்டார், ஏன் உங்களைக் கட்டியிருக்கிறார்கள் என்று. பெண்டாட்டி பிள்ளைகளிடமிருந்து எங்களைப் பிரித்துக்கொண்டு போகிறார்கள், ஓடித் திரும்பிவிடுவோம் என்பதால் கட்டியிருக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார். அவர்கள் போன பிறகு பையன் அப்பாவைக் கேள்விகளால் துளைத்தான். நம் அப்பாவையும் இப்படிக் கொண்டுபோனால் நமக்கு எப்படி இருக்கும் என்ற எண்ணம் அன்று வந்தது என்று பின்னாளில் எழுதினார்.

1821இல் உறவினர் வெஸ்டல் காஃபினுடன் சேர்ந்து அடிமைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பைபிள் படிக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் நோக்கம். எழுத்து தெரிந்தால் ஆள் கைமீறிவிடுவான் என்று முதலாளிகள் மிரண்டார்கள். பள்ளியை மூட வைத்தார்கள். 1824இல் கேத்தரின் ஒயிட்டை மணந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து இருவரும், அடிமைமுறை பிடிக்காமல் வடமேற்கே பெயர்ந்த பல குவேக்கர் குடும்பங்களைப் போலவே, இண்டியானாவின் நியூபோர்ட்டுக்கு வந்து ஒரு கடை போட்டார்கள். இன்று அந்த ஊரின் பெயர் ஃபவுண்டன் சிட்டி. ரிச்மண்ட் நகருக்கு வடக்கே, ஓஹையோ மாநில எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், புகழுரைகளில் அடிபட்டுப் போவது இதுதான். அந்த ஊரில் இந்த வேலையைத் தொடங்கியவர் காஃபின் அல்ல. அவர் வருவதற்கு முன்பே அங்கே சுதந்திரக் கறுப்பின மக்கள் குடியிருந்தார்கள். தப்பி வருகிறவர்கள் அவர்கள் வீடுகளில்தான் தங்கினார்கள். ஆனால் துரத்தி வருகிறவர்கள் முதலில் தேடுவதும் அந்த வீடுகளைத்தான். அதனால் பலர் பிடிபட்டார்கள். ஒரு வெள்ளைக்கார வியாபாரியின் வீட்டுக்குள் அப்படிச் சட்டென்று புகுந்துவிட முடியாது. காஃபின் இதைக் கேள்விப்பட்டு, என் வீட்டுக்கு அனுப்புங்கள் என்று சொன்னார். 1826-27 குளிர்காலத்திலேயே ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். ஓஹையோ ஆற்றின் தென்கரை கென்டக்கி, அடிமை மாநிலம். சின்சினாட்டி, மாடிசன், ஜெஃபர்சன்வில் ஆகிய ஆற்றங்கரை ஊர்களின் பக்கமாக ஆற்றைக் கடந்தவர்களின் மூன்று வழிகளும் நியூபோர்ட்டில் வந்து சேர்ந்தன. துரத்தி வந்தவர்கள் இங்கே வந்ததும் தடம் அற்றுப்போகும். இங்கே ஏதோ நிலத்தடி ரயில் ஓடுகிறது, அதற்குத் தலைவர் லீவை காஃபின் என்று அவர்கள் எரிச்சலில் சொன்னதே அவருக்குப் பட்டமாகிவிட்டது. அந்தப் பட்டத்தை அவர் உள்ளூர ரசித்தார் என்றே தோன்றுகிறது.

வருகை எப்படி இருக்கும்? பெரும்பாலும் ராத்திரியில், கதவில் மெல்லிய தட்டல். விளக்கு ஏற்ற மாட்டார்கள். கதவைத் திறந்து, ஒரு வார்த்தை பேசாமல், இருட்டில் நிற்பவர்களை உள்ளே அழைத்து, ஜன்னல்களை மூடிய பிறகுதான் வெளிச்சம். அதன்பின் அடுப்பைப் பற்றவைத்து உலை ஏற்றுவார்கள். குளிரில் விறைத்து வந்தவர்கள் கணப்பின் முன் படுத்து உறங்குவார்கள். இந்த ராத்திரி வேலைகளில் பாதிக்குமேல் செய்தது கேத்தரின். ஊரே அவரைக் 'கேட்டி அத்தை' என்றுதான் அழைத்தது. ஒரு விடியற்காலையில் இரண்டு வண்டிகள் வந்து நின்றன. என்ன கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று கேட்டி அத்தை கேட்க, வண்டிக்காரர் சொன்னார்: "கென்டக்கி முழுவதையும்." "சரி, கென்டக்கி முழுவதையும் உள்ளே கொண்டுவாருங்கள்" என்றார் அவர். உள்ளே வந்தவர்கள் பதினேழு பேர்.

பதினேழு பேர் வந்து இறங்கிய விடியற்காலையில் அந்தப் பெண்மணி பேசிய பேச்சு இது. எனக்கு இவரை லீவையைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும்.

கேபின் க்ரீக் கதையையும் சொல்லியாக வேண்டும். நியூபோர்ட்டுக்கு வடக்கே, ராண்டால்ஃப் மாவட்டத்தில், கேபின் க்ரீக் என்ற கறுப்பினக் குடியிருப்பு ஒன்று இருந்தது. டென்னசியிலிருந்து தப்பிய இரண்டு இளம்பெண்கள் அங்கே தாத்தா பாட்டி வீட்டில் இருந்தார்கள். முதலாளி ஆட்களோடு வந்து வீட்டைச் சூழ்ந்துகொண்டார். ஒரு பையன் குதிரையேறிக் கொம்பை ஊதிக்கொண்டே ஓட, குடியிருப்பு மொத்தமும் திரண்டது. அந்த வீட்டுக்கு ஒரே வாசல். பாட்டி சோளத்தட்டை வெட்டும் அரிவாளைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த வாசலில் நின்றார். முதலில் கால் வைப்பவனை வெட்டுவேன் என்றார். ஒருவரும் கால் வைக்கவில்லை. ஆணையைக் காட்டு, அதைப் படித்துக் காட்டு, இது செல்லுமா செல்லாதா என்று வெளியே நின்றவர்கள் வேண்டுமென்றே வாதத்தை இழுத்தார்கள். அதற்குள் பெண்கள் இருவரும் பையன்களின் உடையை மாட்டிக்கொண்டு, தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்து, தயாராக நின்ற குதிரைகளில் ஏறிப் போய்விட்டார்கள். உள்ளே விடப்பட்ட ஆட்கள் தேடியபோது வீடு காலி.

அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் காஃபின் வீடு. சில நாட்களில் தேடுகிறவர்கள் நியூபோர்ட்டுக்கும் வந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. கேட்டி அத்தை இரண்டு பெண்களையும் கட்டிலில் வைக்கோல் மெத்தைக்கும் இறகு மெத்தைக்கும் நடுவே படுக்கவைத்து, மூச்சுவிட இடம் விட்டு, மேலே விரிப்பைச் சுருக்கமில்லாமல் நீவிவிட்டார். பார்த்தால் வெறும் கட்டில். ஆனால் உள்ளே இருந்தவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒருத்தி சிரிக்க, மற்றவளும் சிரிக்க, மெத்தை குலுங்கியது. கடைசியில் இருவரையும் பிரித்து வேறு வேறு கட்டில்களில் போட வேண்டியதாயிற்று. தப்பி வந்தவர்கள் என்றாலே நடுங்கும் நிழலுருவங்களாகக் காட்டும் சித்திரங்களுக்கு நடுவே, இந்தச் சிரிப்பு எனக்கு எப்போதும் ஆறுதல்.

ஆகவே ஒளிப்பதற்கு ஒரு மெத்தையே போதுமாக இருந்தது. ஆனால் ஒளித்து வைப்பது சில மணி நேரத்துக்கான வேலை. கந்தல் துணியோடு, வெறுங்காலோடு வருகிறவர்களை அப்படியே பனியில் அனுப்ப முடியாது. ஊர்ப் பெண்கள் காஃபின் வீட்டில் தையல் கூட்டம் நடத்தி, தேவையான உடைகளைத் தைத்து வைத்தார்கள். இது யாருக்கும் சந்தேகம் வராத கூட்டம். பெண்கள் சேர்ந்து தைப்பதில் என்ன இருக்கிறது? வண்டியும் பூட்டுவதற்குத் தயாரான குதிரைகளும் எப்போதும் இருக்க வேண்டும். ஆட்களைக் கொண்டுவருகிற வண்டிக்காரர்களின் குதிரைகளுக்கும் தீனி போட வேண்டும். பலர் உடல்நலம் தேறும்வரை வாரக்கணக்கில் தங்கினார்கள்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? கடையிலிருந்து. காஃபின் பலசரக்கு வியாபாரி. அதோடு பன்றி இறைச்சி பதப்படுத்தும் தொழில், பின்னர் ஆளிவிதை எண்ணெய் ஆலை என்று விரித்துக்கொண்டே போனவர். மாநில வங்கியின் ரிச்மண்ட் கிளைக்கு இயக்குநராகவும் இருந்தார். தொடக்கத்தில் அடிமைமுறையை ஆதரித்த வாடிக்கையாளர்கள் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள், மிரட்டல்களும் வந்தன. ஆனால் புதிதாகக் குடியேறியவர்கள் பெருகப் பெருக வியாபாரம் மீண்டது. அதன்பின் அவரைத் தொடுவது கடினமாகிவிட்டது. கடன் வாங்க வங்கிக்குப் போனால் அங்கே உட்கார்ந்திருப்பவர் காஃபின். அவர் வீட்டு வாசலில் போய் யார் கலகம் செய்வார்கள்? நல்ல மனம் மட்டும் இருந்து, கையில் காசும் ஊரில் செல்வாக்கும் இல்லாத ஒருவரால் இருபது ஆண்டுகள் இதைத் தாக்குப்பிடித்திருக்க முடியாது என்பது என் கணிப்பு.

சட்டத்தைப் பற்றி ஒரு திருத்தம். பலர் இந்த வீட்டை 1850ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முடிச்சுப் போடுகிறார்கள். தப்பியவருக்கு உதவினால் ஆயிரம் டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்றது அந்தச் சட்டம். ஆனால் காஃபின் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே நியூபோர்ட்டைவிட்டுப் போய்விட்டார். அவர் அங்கே இருந்தபோது நடப்பில் இருந்தது 1793ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படியும் உதவியவருக்கு ஐந்நூறு டாலர் அபராதம் உண்டு. அண்டை வீட்டுக்காரர்கள் புத்திமதி சொன்னார்கள்: குடும்பம் இருக்கிறது, சொத்து இருக்கிறது, எதற்கு வம்பு? அவர் பைபிளில் வரும் நல்ல சமாரியன் கதையைத் திருப்பிக் கேட்டார்: கள்வர் கையில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவுமுன் அந்தச் சமாரியன், இவன் ஏதாவது குற்றம் செய்தவனா என்று விசாரித்தானா?

குவேக்கர்கள் எல்லாரும் அவர் பக்கம் நின்றார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அடிமைமுறையை வெறுப்பது வேறு, சட்டத்தை மீறி ஊர்வாயில் விழுவது வேறு என்று எண்ணியவர்களே பெரும்பான்மை. 1842இல் இண்டியானாக் குவேக்கர் ஆண்டுக் கூட்டம், தீவிர அடிமைமுறை ஒழிப்புவாதிகளைப் பொறுப்புகளிலிருந்து நீக்கியது. மறு ஆண்டு அவர்கள் பிரிந்து தனிக் கூட்டம் அமைத்தார்கள். காஃபினும் அதில் ஒருவர். பிளவு ஆறப் பல ஆண்டுகள் ஆயின.

இன்னொரு கேள்வியும் எழ வேண்டும்: இண்டியானா சுதந்திர மாநிலம்தானே, அங்கேயே இருந்துவிடலாமே? இருக்க விடவில்லை. 1816இல் மாநில அரசியலமைப்பு அடிமைமுறையைத் தடை செய்தது உண்மை. ஆனால் 1831 முதல் புதிதாக வரும் கறுப்பினத்தவர் பிணைப்பத்திரம் கொடுக்க வேண்டும் என்றார்கள். 1851 அரசியலமைப்பு அவர்கள் மாநிலத்துக்குள் வரவே கூடாது என்றது. பிடித்துக்கொண்டு போகும் ஆபத்து வேறு. ஆகவே பயணம் கனடாவில்தான் முடியும். பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழித்த சட்டம் 1834 ஆகஸ்டு 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலங்களையும் இலங்கையையும் விலக்கி வைத்தது என்பதை நாம் மறக்கக்கூடாது. கம்பெனி ஆண்ட நம் பகுதிகளில் அடிமை உரிமைக்குச் சட்ட ஆதரவு அகல 1843 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1844இல் காஃபின் வில்லியம் பியர்ட் என்ற குவேக்கருடன் கனடா போய், தங்கள் வீடுகளில் தங்கிச் சென்ற பலரை அவர்களுடைய சொந்த வீடுகளிலேயே சந்தித்தார்.

கடைசியில் அவரை நியூபோர்ட்டிலிருந்து கிளப்பியது ஒரு துணிச் சிக்கல். தப்பி வந்தவருக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறோம், அந்தப் பருத்தியைப் பறித்தது யார்? சர்க்கரையை ஆக்கியது யார்? இந்த உறுத்தலில் அடிமை உழைப்பில்லாத பொருட்களை மட்டுமே விற்பது என்று அவர் தீர்மானித்தார். விலை அதிகம், தரம் குறைவு, சரக்கும் எளிதில் கிடைக்காது. மொத்த விற்பனைக்கு ஆள் வேண்டும் என்று நண்பர்கள் வற்புறுத்தியதால் 1847இல் சின்சினாட்டிக்குக் குடிபெயர்ந்தார். ஐந்து ஆண்டுகளில் திரும்பிவிடுவதாகத்தான் திட்டம். வியாபாரம் ஒருபோதும் லாபம் தரவில்லை, திரும்பவும் இல்லை. ஆற்றங்கரை நகரமாதலால் தப்பி வருகிறவர்கள் அங்கேயும் அவர் கதவைத் தட்டினார்கள். உள்நாட்டுப் போரின்போது விடுதலை பெற்றவர்களுக்காக இங்கிலாந்து சென்று நிதி திரட்டினார். 1877இல் சின்சினாட்டியிலேயே இறந்தார்.

நியூபோர்ட் வீடு கைமாறிக் கைமாறி, ஒரு காலத்தில் தங்கும் விடுதியாகக்கூட இருந்தது. 1967இல் இண்டியானா மாநிலம் வாங்கிச் சீரமைத்து, 1970இல் பொதுமக்களுக்குத் திறந்தது. 2016இல் பக்கத்திலேயே விளக்கக் காட்சியகம் ஒன்றும் வந்தது. கொட்டிலில், அடிப்பலகைக்குக் கீழே ஆள் படுத்துக்கொள்ளும்படி அமைந்த வண்டி ஒன்றும் வைத்திருக்கிறார்கள்.

அந்த வீட்டுக்கு வந்தவர்களில் எல்லாரும் கனடா போய்விடவில்லை. வில்லியம் புஷ் என்பவர் நியூபோர்ட்டிலேயே தங்கிவிட்டார். கொல்லுலை வைத்துப் பிழைத்தார், தனக்குப் பின்னால் வந்தவர்களுக்கு உதவினார், அந்த ஊர் மயானத்திலேயே புதைக்கப்பட்டார். அவர் போட்டுக்கொண்டு வந்த மரச்செருப்புகளைக் குடும்பத்தார் தலைமுறைகளாகக் காப்பாற்றி வந்தார்கள்.